நாய்க்குப் போடச் சொன்ன முட்டை

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் மேலே ஏறி வரச் சோம்பல்பட்டு, வழக்கம்போல டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே அது சும்மா கிடந்து, ஓரத்தில் டீக்கறையோடு என் கைக்கு வந்தது. கையெழுத்து இப்போது நன்றாக இருக்கிறது. ஆபீஸில் எழுதி எழுதித் தேறிவிட்டாய் போலிருக்கிறது. மதுரை வீட்டில் எனக்கென்று தனி அறை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் குழாயிலேயே வருகிறது, கோயில் நடந்து போகிற தூரம்தான் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடு, கிறிஸ்துமஸ் லீவில் ஜீப் பிடித்துக்கொண்டு வருகிறேன், கிளம்பி இரு என்கிறாய். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், எழுந்து போய் டிரங்குப் பெட்டியைக்கூடக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்தேன். அதற்கப்புறம்தான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"அப்பாவிடம் நீ பட்டது போதும்மா. நாய்க்குப் போடச் சொன்ன முட்டையைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த வீட்டில் நீ இன்னும் எதற்குக் கிடக்க வேண்டும்?" இதுதான் நீ எழுதியிருந்தது. பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தால் வசவாகத்தான் வரும் என்று சில நாள் பொறுத்து, இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள் நான், அதைக் காட்டிக்கொள்ள எனக்கு வேறு சந்தர்ப்பம் ஏது? ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலில் இங்கே உள்ள நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கண்ணை மூடி இது இரண்டாவது குளிர்காலம். மத்தியானம் தாண்டியதும் மேகம் இறங்கிவிடுகிறது. எதிர்மேட்டு வீட்டு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. நம் வில்பட்டியில் பாதிப் பேர் விடிந்ததும் டவுனுக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிறவர்கள். மிச்சப் பேர் காட்டில் குனிந்தால் நிமிர மாட்டார்கள். உன் தங்கை ஸ்டெல்லா பாலசமுத்திரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள், அவள் மலையேறி வருவதென்றால் வீட்டில் எல்லாரையும் கேட்க வேண்டும். ரேடியோவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. தனியாக இருப்பது எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நன்றாக இல்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது கோழியை விரட்ட வாயைத் திறக்கும்போதுதான் தெரிகிறது. தொண்டை கட்டிப்போய்ச் சத்தமே வரமாட்டேன் என்கிறது.

அதிலும் சாயந்தரம்தான் மோசம். உனக்கு ஞாபகம் இருக்கும், கோழிகளை அடைக்கும்போது உன் அப்பா ஒவ்வொன்றாகப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கம் விரலை வைத்துப் பார்ப்பார். மறுநாளைக்கு முட்டை இருந்தால் கெட்டியாகத் தட்டுப்படும். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று, "நாளைக்குப் பதினாலு" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று கிடையாது. நான் அடுப்படியில் இருப்பேன், ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவர் சொன்ன எண் காலையில் தப்பினதும் இல்லை. இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன். கை கழுவிவிட்டு வாசலில் நின்று நானும் எண்ணைச் சொல்லிப் பார்க்கிறேன். பதில் சொல்லாமல் இருக்கக்கூட ஆள் இல்லை.

ஆவணியில் கொஞ்சம் வெடைக்கோழிகள், இன்னும் முட்டையிடாத இளசுகள், வாங்கி விட்டிருந்தேன். முட்டைக்காக வாங்கினேன் என்று சொல்லமாட்டேன், வீட்டுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன். அவை இப்போதுதான் முட்டைக்கு வந்திருக்கின்றன. போன வாரம் வெள்ளனே கூட்டைத் திறந்தால் வைக்கோலில் ஒரு தோல் முட்டை கிடந்தது. ஓடே இல்லாமல், வெறும் சவ்வுக்குள் ஆடிக்கொண்டு, பழைய காலத்தில் வந்தது போலவே. எடுத்தேன், சுடச்சுட இருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் குழிந்தது. அந்தக் காலத்தில் அதைக் கையில் எடுத்ததுமே நீ ஒரு பக்கமும் ஸ்டெல்லா ஒரு பக்கமும் வந்து நிற்பீர்கள். போன வாரம் அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பனியில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் பொரித்து நானே சாப்பிட்டேன். உப்புப் போட மறந்திருந்தேன்.

அந்த முட்டையைப் பற்றித்தானே நீ எழுதியிருக்கிறாய், அதன் கதை முழுக்க உனக்குத் தெரியாது. தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நீ மனதுக்குள் வளர்த்து வந்திருக்கிறாய். மிச்சப் பாதியைச் சொல்கிறேன்.

நாம் முதல்முதல் வெள்ளைக்கோழி வாங்கினபோது நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். பங்குச் சாமியார் ஏற்பாடு செய்து, கீழேயிருந்து மூங்கில் கூடையில் லாரி ஏறி வந்த கோழிகள். அதுவரை நம் ஊரில் நாட்டுக்கோழிதான். இவை வெள்ளை வெளேரென்று, கன்னியாஸ்திரிகள் நடக்கிற மாதிரி நடந்தன. உன் அப்பா அவற்றுக்காகவே கூடு கட்டினார், சாக்கு தொங்கவிட்டுக் குளிர் மறைத்தார், முட்டை எப்போது வரும் என்று தினமும் போய்ப் போய்ப் பார்த்தார். கடைசியில் வந்தது பார், தோல் முட்டை. மறுநாளும் அதுவே. மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். இந்தக் குளிர் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடல் கெட்டுவிட்டது, ஏமாந்துவிட்டோம் என்று அவராகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டார். பிறகு அந்த முட்டையை முட்டைக்கோஸ் இலையில் பொதிந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, டவுனில் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்து போனார். பாதி வழியிலேயே அது உடைந்துவிட்டது. கம்பவுண்டரிடம் அவர் காட்டியது வழிந்துபோன இலையும் ஒரு தோலும்தான்.

கம்பவுண்டர் சிரித்தாராம். வயதுக்கு வந்த புதிதில் எல்லாம் ஒழுங்காக இருக்குமா, கோழிக்கும் அப்படித்தான், தானாகச் சரியாகிவிடும், கிளிஞ்சல் வாங்கி இடித்துத் தீனியில் கலந்து போட்டால் ஓடு சீக்கிரம் கெட்டிப்படும் என்று சொல்லி அனுப்பினாராம். உன் அப்பா அங்கிருந்து நேரே கடைவீதிக்குப் போய், பாய் கடையில் ஒரு சாக்குப்பை நிறையக் கிளிஞ்சல் வாங்கி முதுகில் சுமந்து வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உரலில் போட்டு இடித்து, டப்பாவில் அடைத்து என்னிடம் கொடுத்தார். தீனி கலக்குவது என் சோலி என்பதால் கிளிஞ்சலைக் கலப்பதும் என் சோலியானது. கம்பவுண்டர் சொன்னபடியே கொஞ்ச நாளில் ஓடு கெட்டிப்பட்டது. அதோடு டவுனில் ஏரிக்கரை ஹோட்டலுக்கு முட்டை போக ஆரம்பித்தது.

ஹோட்டல் வாடிக்கை கிடைத்த பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. கெட்டி முட்டை ஒன்றுகூட வீட்டில் உடைக்கக் கூடாது. சீசனில் வாரத்துக்கு இத்தனை என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்று குறைந்தாலும் சமையல்காரர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார் என்ற பயம். உன்னையும் ஸ்டெல்லாவையும் மிஷன் பள்ளியில் படிக்கவைத்தது அந்த முட்டைதான், அதுவும் உண்மை. நான் ஒன்று எடுத்து உங்களுக்குக் கொடுக்கலாம் என்றால் முடியாது, முந்தின நாளே விரல் வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுகிற மனிதரிடம் எப்படி ஒளிப்பது? ஆனால் தோல் முட்டை மட்டும் விரலுக்கு அகப்படாது. உள்ளே இருந்தாலும் இல்லாத மாதிரித்தான் இருக்கும். அது அவர் கணக்கில் சேராத முட்டை. விற்கவும் முடியாது, சுமந்து போகவும் முடியாது.

அந்த முட்டையை அவர் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அந்தக் கருமத்த நாய்க்குப் போடு" என்பார். சொல்லிவிட்டுத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் இரண்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வருகிற பேச்சா அது? அவர் தலை மறைந்ததும் இரும்புச்சட்டியைப் போட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டுப் பொரித்து உங்களுக்குப் பங்கு வைப்பேன். கரண்டியை வைத்து நடுவில் கோடு போடச் சொல்வாய் நீ. ஸ்டெல்லா சின்னப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பெரிய பக்கத்துக்காக அழுவாள். அவர் திரும்பி வருவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அவரை ஏமாற்றுகிறோம் என்று எனக்கு ஒரே குஷி. நீங்களும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் புதுக்கோழி முட்டைக்கு வருகிற அந்தக் கொஞ்ச நாள்தான் நம் வீட்டில் முட்டை. கிளிஞ்சல் போடப் போட அந்த நாளும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருஷம் புதுக்கோழிகள் வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கிளிஞ்சலைப் போடாவிட்டால் என்ன? கிழக்கோழிகளுக்கு மட்டும் கலந்துவிட்டு, வெடைக்கோழிகளின் பங்கை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் அடுப்படிக்குப் பின்னால் பீட்ரூட் பாத்தியில் புதைத்துவிட்டேன். தோல் முட்டை கூடுதல் நாள் வந்தது. நீ என்ன நினைத்தாயோ தெரியாது, ஆண்டவர் கிருபை என்று ஸ்டெல்லா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். இதற்காக நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. இன்றைக்கும் செய்யமாட்டேன்.

இப்போது நீ மறக்காத அந்த ஈஸ்டருக்கு வருகிறேன். டவுனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முட்டைக்குச் சாயம் போட்டுப் புல்லில் ஒளித்துவைத்து விளையாடியதை வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு வந்தாய். தோல் முட்டையில் சாயம் ஏற்ற முடியாது. அதற்கு ஓடு வேண்டும். நீ கூடையிலிருந்து ஒரு கெட்டி முட்டையை எடுத்து, பீட்ரூட் வெந்த தண்ணீரில் போட்டு வேகவைத்து, சிவப்பாக்கி, ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புல்லில் ஒளித்து விளையாடிவிட்டு, இரண்டு பேருமாகத் தின்றுவிட்டீர்கள். கூடையில் ஒன்று குறைந்தது. உன் அப்பா உன்னைக் கையோடு ஹோட்டலுக்கு இழுத்துப் போய், பின்வாசலில் நிறுத்தி, "ஒண்ணு கொறையுது, நான்தான் தின்னேன்" என்று சமையல்காரரிடம் உன் வாயால் சொல்ல வைத்தார். சமையல்காரர் சிரித்து உன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்ததும், நீ அதை ஏரிப்பக்கம் விட்டெறிந்ததும் எனக்குத் தெரியும். உன் அப்பாதான் வந்து சொன்னார். அது தப்பு. பச்சைப் பிள்ளையை அப்படி நிறுத்தியிருக்கக் கூடாது. அதற்கு நான் இப்போது சமாதானம் சொல்ல வரவில்லை, சமாதானம் கிடையாது. அன்று நான் அவரிடம் பேச்சை நிறுத்தினவள், ஐம்பது நாள், பெந்தெகொஸ்தே திருநாள் வரைக்கும் பேசவில்லை.

பேசாததோடு விடவில்லை. அந்த வருஷம் வந்த வெடைக்கோழிகளுக்கு வீம்புக்கென்றே ஒரு பொடிக் கிளிஞ்சல்கூடக் காட்டவில்லை. முந்தின வருஷமாவது கொஞ்ச நாள் கழித்துப் போட்டேன். இந்தத் தடவை டப்பாவில் வருகிறதெல்லாம் பீட்ரூட் பாத்திக்குத்தான். உங்களுக்கு நாள் தவறாமல் முட்டை. உன் அப்பாவும் காலையில் கூட்டைத் திறந்து, "இன்னும் இந்தக் கருமந்தானா" என்று சலித்துக்கொண்டு, நாய்க்குப் போடச் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்குவார். நன்றாக வேண்டும் என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் பாத்தியில் குழி தோண்டிக் கிளிஞ்சலைக் கொட்டும்போது கல்லில் பட்டு என் கண்ணாடி வளையல் உடைந்தது. பச்சை வளையல். துண்டுகள் மண்ணோடு போய்விட்டன, மூடிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும், அவர் புதிதாக இடித்துக் கொடுத்த டப்பாவைத் திறந்தேன். கிளிஞ்சல் பொடி எப்போதும் வெள்ளையாக இருக்கும், இது மங்கி, கறுப்பு மண் கலந்து இருந்தது. கையை விட்டுக் கிளறினேன். அடியில் என் பச்சை வளையல் துண்டு கிடந்தது. அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். களை கொத்தும்போது பாத்தியில் கிளிஞ்சலைப் பார்த்திருக்கிறார். தோண்டி எடுத்திருக்கிறார். எடுத்ததைச் சலித்து, திரும்ப உரலில் இடித்து, என் கையிலேயே கொடுத்திருக்கிறார். எத்தனை தடவை இப்படிச் சுற்றி வந்ததோ எனக்குத் தெரியாது. அந்த வளையல் துண்டை இடிக்கும்போது பார்க்காமல் விட்டாரா, பார்த்து வேண்டுமென்றே விட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது. சத்தம் போடுவார் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். சாயந்தரம் கோழியைப் பார்த்தார், கை கழுவினார், வாசலில் நின்று எண்ணைச் சொன்னார், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் அந்தப் பொடியையும் கொண்டுபோய் அதே பாத்தியில் கொட்டினேன். பயமாகவும் இருந்தது, வீம்பும் விடவில்லை. அவர் திரும்பத் தோண்டி எடுத்து, தானே தீனியில் கலக்காமல், இடித்து என் கையிலேயே கொடுத்தார்.

அதற்குள் ஒரு வெடைக்கோழி காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. ஓட்டுக்கு வேண்டியது தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும். தூக்கி நிறுத்தினால் சரிந்து விழுந்தது. மழை பிடித்துக்கொண்ட நாள். உன் அப்பா அதைச் சாக்கில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்து, எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் காலை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு கோழியைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏ புள்ள, இம்புட்டுப் போதும். இனிமே கிளிஞ்சலப் போடு."

அவ்வளவுதான் தம்பி. நான், "சரிங்க" என்றேன். ஈஸ்டருக்கு அப்புறம் நான் அவருக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அன்றிலிருந்து கிளிஞ்சலைக் கலந்தேன், முட்டை கெட்டிப்பட்டது, உங்களுக்கு நின்றுபோனது. "தோல் முட்டை இல்லியாம்மா" என்று நீ கேட்டபோது அவர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் இனிமே கெடையாது, போலே" என்று விரட்டினார். அந்தக் கோழிக்கு மட்டும் சோற்றில் கிளிஞ்சல் பொடியைப் பிசைந்து தினமும் தன் கையாலேயே ஊட்டினார். அது எழுந்து நடந்தது. நீ வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, "அப்பா கோழிக்குத்தான் ஊட்டுவாரு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னாய். அவர் காதில் விழுந்தது. பிசைந்துகொண்டிருந்த கை நின்றதை நான் பார்த்தேன்.

நீ இப்போது கடிதத்தில் நாய் என்று எழுதியிருக்கிறாயே, எந்த நாய்? நம் வீட்டில் எப்போது நாய் இருந்தது? கோழி வளர்க்கிற வீடு என்று நாய்க்குட்டியை வாசல்படி ஏறவிடாதவர் அவர். நீயும் ஸ்டெல்லாவும் ஒரு குட்டியைத் தூக்கி வந்து, அவர் திரும்பக் கொண்டுபோய் விட்டுவரச் சொல்லி நீங்கள் அழுதது மறந்துவிட்டதா? இல்லாத நாய்க்குப் போடச் சொல்லிவிட்டு, நான் சட்டியை எடுப்பதற்குள் காட்டுக்குப் போய்விடுவார். முதலில் அதை நானும் உன்னைப்போல வசவு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த மழை நாளுக்கு அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்குக் கொடு என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் கெட்டி முட்டைக்கும் இல்லையென்று சொல்ல அவரால் முடியாது. கண்டிப்பாக இருக்கும் தைரியம் போய்விடும். அதற்கு அவருக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். நானும் அவரும்கூட இதைப் பேசினதில்லை. சாகும் வரைக்கும் பேசவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் எத்தனையோ பேசினோம், விதைப்பூண்டு வாங்குவதைப் பற்றி, கூரைத் தகரம் மாற்றுவதைப் பற்றி. அந்த வளையல் துண்டைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், காதோரம் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பியிருப்பார். அதைப் பார்த்திருக்கலாம். உனக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் எதையும் மிச்சம் வைக்காமல் பேசு. கொடுக்கிறதை வாயால் சொல்லி, கையால் கொடு. ஒளித்துக் கொடுத்தால் வாங்கினவர்களுக்கு யார் கொடுத்தது என்றே தெரியாமல் போய்விடுகிறது. உன் அப்பாவுக்கு ஆனது அதுதான்.

நான் ஒன்றுமே படவில்லை என்று சொல்லவில்லை. பட்டது உண்டு. அவரோடு வாயாடித் தோற்றிருக்கிறேன், என் தாயார் சாவுக்கு ஒருநாள் பிந்திப் போனேன், அவர் பிடிவாதத்தால்தான். சிரித்துப் பேசத் தெரியாத மனிதரோடு இந்தக் குளிரில் இத்தனை வருஷம் இருப்பது லேசான காரியமா? ஆனால் அதையெல்லாம் சொல்லிக்கொள்ள உரிமை எனக்குத்தான் இருக்கிறது. நான் அவரைத் திட்டும்போது நீ சேர்ந்து திட்டியிருந்தால் பரவாயில்லை, நீயாக என் சார்பில் எழுதிவைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வர ஆசையாக இருக்கிறது. இந்த மேட்டில் இன்னொரு குளிர்காலம் தனியாக இருக்க எனக்குப் பயமாகவும் இருக்கிறது. போன மாதம் குளியலறைக் கல்லில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ரொம்ப நேரம் கிடந்தேன். உனக்கு எழுதவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை என்பதால் கூப்பிடவும் இல்லை. ஆகவே வீராப்புக்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆனால் நீ கூப்பிட்டிருப்பது என்னை இல்லை, யாரோ ஒரு கொடுமைக்காரனிடமிருந்து தப்பித்து வருகிற ஒரு பெண்ணை. அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருந்ததில்லை. உன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், வரப்போகிற பெண்டாட்டியிடமும், நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையிடமும், "எங்கம்மா ரொம்பப் பட்டவங்க" என்று நீ சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த மனிதரைக் கல்லறையில் விட்டுவிட்டு வரத்தான் வேண்டும், வேறு வழியில்லை. குற்றவாளியாக விட்டுவிட்டு வரமாட்டேன்.

அதனால் எனக்கு இன்னொரு கடிதம் எழுது. நீளமாக வேண்டாம். "அம்மா, அங்கே தனியாக இருக்கிறாய், எங்களோடு வந்து இரு" என்று மட்டும் எழுது. அது உண்மை, அதற்கு நான் வருவேன். ஜீப்பெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். அப்படி எழுத உனக்கு மனம் வராவிட்டால் எனக்காகப் பொய்யாக எழுதாதே, எனக்குத் தெரிந்துவிடும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்துகொள்கிறேன்.

அம்மா